ஹாலிஸ்டர் ஹில்ஸில் குடும்பத்தோடு டர்ட் பைக்: முதல் முறை போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் மண் தடத்தில் பைக் ஓட்டச் சொந்த நிலம் தேவையில்லை. மாநில அரசே அதற்கென்று தனிப் பூங்காக்கள் வைத்து நடத்துகிறது. எஸ்.வி.ஆர்.ஏ என்று பெயர். சாலைக்கு வராத வண்டிகளுக்கான 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. வண்டிப் பதிவுக் கட்டணம், நுழைவுக் கட்டணம், எரிபொருள் வரியில் ஒரு பங்கு எல்லாம் சேர்ந்துதான் இந்தத் தடங்களைப் பராமரிக்கின்றன. ஓட்ட வருகிறவர்களே செலவைச் சுமக்கும் ஏற்பாடு என்பதால், பதிவு ஸ்டிக்கர் வாங்காமல் ஓட்டுவது உடன் ஓட்டுகிறவர்களின் பங்கைத் தின்பதற்குச் சமம்.

சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் இருக்கும் குடும்பங்களுக்கு ஹாலிஸ்டர் ஹில்ஸ்தான் வசதி. சான் ஹோசேயிலிருந்து தெற்கே சுமார் ஒரு மணி நேரப் பயணம். மாநிலத்தின் முதல் எஸ்.வி.ஆர்.ஏ பூங்காவாக 1975-இல் தொடங்கியது. சான் ஆன்ட்ரியாஸ் நிலப்பிளவு இந்த மலை வழியாகத்தான் போகிறது. பூங்காவின் கீழ்ப்பகுதி மோட்டார் சைக்கிளுக்கும் நான்கு சக்கர ஏ.டி.வி-க்கும் உரியது. மேல்பகுதி ஜீப் போன்ற பெரிய வண்டிகளுக்கு. நீங்கள் போக வேண்டியது கீழ்ப்பகுதி. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இருக்கிறவர்களுக்கு கோர்மன் அருகே, ஐந்தாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி ஹங்ரி வேலி இருக்கிறது. அது இன்னும் பெரியது. இங்கே சொல்லும் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

வனத்துறை நிலத்திலும் பி.எல்.எம் என்னும் மத்திய அரசு நிலத்திலும் ஓட்டலாம்தான். ஆனால் முதல் முறைக்கு அவை வேண்டாம். அங்கே எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று வரைபடம் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். கைபேசி எடுக்காது, உதவிக்கு ஆளும் கிடைக்காது. இணையத்தில் பழைய பக்கங்களைப் பார்த்துவிட்டு, ஹாலிஸ்டருக்குத் தெற்கே இருக்கும் க்ளியர் க்ரீக் பகுதிக்குக் கிளம்பிவிடாதீர்கள். அந்த மண்ணில் இயற்கையாகவே ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதால் 2008-இல் அதை மூடினார்கள். தூசியைக் கிளப்பி ஓட்டும் விளையாட்டுக்கு, அதுவும் பிள்ளைகளோடு, அது இடமே இல்லை.

அக்டோபரிலிருந்து மே வரை நல்ல பருவம். மழை பெய்து ஓரிரு நாள் கழித்து மண் ஈரமாக, தூசி இல்லாமல், டயர் பிடிப்பாக இருக்கும். அப்படிப்பட்ட நாள் கிடைத்தால் விடாதீர்கள். பெருமழைக்கு மறுநாளே போனால் தடங்களை மூடியிருக்க வாய்ப்பு அதிகம். கிளம்பும் முன் பூங்காவுக்கு ஒரு போன் போட்டு, எந்தத் தடங்கள் திறந்திருக்கின்றன என்று கேட்டுவிடுங்கள். கோடையில் போவதானால் காலை ஆரம்பித்து மதியம் 12 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

வண்டி

தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. “வளரும் பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிடலாம்” என்ற நினைப்பைச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் வண்டியில் உட்கார்ந்தால் பிள்ளையின் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். கால் எட்டாத பிள்ளை நிற்கும்போதெல்லாம் விழும். நான்கு முறை விழுந்தால் ஐந்தாம் முறை ஏறாது.

சைக்கிளைப் பக்கச் சக்கரம் இல்லாமல் ஓட்டத் தெரியாத பிள்ளையை மோட்டாரில் ஏற்றாதீர்கள். அதற்கு முதலில் சைக்கிள்தான். சைக்கிள் ஓட்டத் தெரிந்த நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு யமஹா பி.டபிள்யூ 50 சரியாக இருக்கும். இருக்கை உயரம் அரை மீட்டருக்குள்தான். கியர் கிடையாது, இரண்டு பிரேக்கும் சைக்கிளைப் போலக் கையில். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றாலும் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், ஆயிலுக்குத் தனித் தொட்டி உண்டு. அந்தத் தொட்டி காலியானால் பிஸ்டன் ஒட்டிப்போகும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் அதையும் பாருங்கள்.

அடுத்த படி ஹோண்டா சி.ஆர்.எஃப் 50 எஃப். இருக்கை உயரம் சுமார் 55 செ.மீ, எடை 50 கிலோ. கிளட்ச் பிடி இல்லாமல் கால் கியர் மூன்று. 40 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த வண்டி அல்ல. அப்பா “சும்மா ஒரு ரவுண்டு” ஓட்டிப் பார்ப்பதற்கும் அல்ல. எட்டு வயதுக்கு மேல், உயரமும் இருந்தால், சி.ஆர்.எஃப் 110 எஃப் அல்லது யமஹா டி.டி.ஆர் 110. இருக்கை சுமார் 66 செ.மீ, நான்கு கியர், பட்டன் ஸ்டார்ட். பன்னிரண்டு வயதுக்கு மேல் கிளட்ச் பிடி உள்ள 125 பக்கம் போகலாம்.

பெரியவர்களுக்கு சி.ஆர்.எஃப் 250 எஃப் போன்ற, வேகத்துக்கில்லாமல் தடத்துக்கென்றே செய்த வண்டி போதும். இருக்கை 88 செ.மீ உயரம், எடை 120 கிலோ. குள்ளமானவர்கள் 125-இன் பெரிய சக்கர மாடலையே எடுக்கலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. முதல் நாளுக்குப் பெரியவர்கள் வண்டியே இல்லாமல் போவது இன்னும் நல்லது. பிள்ளை பக்கத்தில் நடக்கத்தான் அன்று ஆள் வேண்டும்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க விரும்பினால் மோட்டார் சைக்கிள் பாதுகாப்புக்கான எம்.எஸ்.எஃப் அமைப்பின் டர்ட்பைக் ஸ்கூல் வகுப்பில் சேருங்கள். 6 வயது முதல் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு இந்த விளையாட்டு பிடிக்கிறதா என்று ஆயிரக்கணக்கான டாலர் செலவழிக்கும் முன்பே தெரிந்துவிடும். அப்பா அம்மா சொன்னால் முறுக்கிக்கொள்கிற பிள்ளை பயிற்றுநர் சொன்னால் கேட்கும் என்பது இன்னொரு லாபம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மூன்று விஷயம் பாருங்கள். உரிமைப் பத்திரம் விற்கிறவர் பெயரில் இருக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள எண்ணும் ஃப்ரேமில் ஹேண்டில் கழுத்தருகே அடித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது, அந்த 17 இலக்க எண்ணில் எட்டாவது இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ‘3’ என்ற எண்ணோ ‘சி’ என்ற எழுத்தோ இருந்தால் அது புகை விதிக்கு உட்படாத பந்தய வண்டி. 2021 மாடல் வரை அவற்றுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். 2022 மாடலிலிருந்து அதுவும் கிடையாது. அந்த வண்டியை மூடிய பந்தயக் களத்தில் மட்டும்தான் ஓட்டலாம், அரசு நிலத்துக்குள் விடமாட்டார்கள். “பந்தய வண்டி, விலை குறைவு” என்று வாங்கி வந்து, பூங்கா வாசலில் திரும்பி வருகிற குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அந்த வண்டிகளின் இழுப்பும் ஆகாது.

ஸ்டிக்கர், சத்தம், தீப்பொறி

சாலைப் பதிவு இல்லாத வண்டிக்கு, மாநில வாகனப் பதிவுத் துறையான டி.எம்.வி-யில் பச்சை ஸ்டிக்கர் வாங்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஐம்பது டாலருக்குச் சற்று மேல். குழந்தைகளின் 50 சிசி வண்டிக்கும் இது வேண்டும், பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. ஆனால் ஓட்டுகிறவருக்கு எல்லாப் பிடிகளும் எட்ட வேண்டும், இயக்கத் தெரிய வேண்டும் என்பது சட்டம். எட்டாத பிள்ளையை ஏற்றிவிட்டால் பொறுப்பு பெற்றோர் மேல்தான்.

சைலன்சருக்குள் தீப்பொறியைத் தடுக்கும் வலை இருக்க வேண்டும். அமெரிக்க வனத்துறை ஒப்புதல் பெற்றது என்று சைலன்சர் மேலேயே பொறித்திருக்கும். தடத்துக்கென்று செய்த வண்டிகளில் கம்பெனியிலேயே வந்துவிடும். பழைய வண்டியில் முன்னால் வைத்திருந்தவர் “சத்தம் நன்றாக வரட்டும்” என்று வலையைக் கழற்றியிருப்பார். கோடையில் இங்கே புல் வைக்கோலாகக் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், மலையே போய்விடும். சத்தம் 1986-க்குப் பிந்தைய வண்டிகளுக்கு 96 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும். கம்பெனி சைலன்சரை மாற்றாமல் இருந்தால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

உடம்புக்கு

ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, தடித்த முழு பேன்ட், முழங்கால் காப்பு, முழங்கை காப்பு, நெஞ்சுக் காப்பு, பூட்ஸ். இதில் ஒன்றைக்கூட “அடுத்த தடவை வாங்கிக்கலாம்” என்று விடாதீர்கள். பணம் குறைவாக இருந்தால் வண்டியைப் பழையதாக வாங்குங்கள், ஹெல்மெட்டைப் புதிதாக வாங்குங்கள். பழைய ஹெல்மெட் உள்ளே எத்தனை அடி வாங்கியிருக்கிறது என்று வெளியே தெரியாது.

ஹெல்மெட் பின்பக்கம் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி முத்திரை இருக்க வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. பிள்ளைக்குப் போட்டுவிட்டு, தாடைப் பகுதியைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். ஹெல்மெட்டோடு கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் பெரிது. பிறகு வார் கட்டிய நிலையில், பிடரிப் பக்கமிருந்து மேலே தூக்கி முன்னால் உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் வாங்காதீர்கள். கண்ணாடியை ஹெல்மெட்டோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். தனியாக வாங்கினால் விளிம்பில் இடித்து மூக்கை அழுத்தும், பிள்ளை பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடும்.

பூட்ஸ் கெண்டைக்கால் வரை வரும் மோட்டோகிராஸ் பூட்ஸாக இருந்தால் நல்லது. சைலன்சர் சூட்டில் கெண்டைக்கால் வெந்துபோவது பிள்ளைகளுக்கு அடிக்கடி நடக்கும் காயம். அதனாலேயே அரைக்கால் சட்டையோடு வண்டி அருகில் நிற்கக்கூடாது, ஓட்டாத தங்கச்சி தம்பிக்கும் இது பொருந்தும்.

முந்தின நாள் மாலை

டயர் காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சிறு வண்டிகளுக்கு 15 பி.எஸ்.ஐ அளவில் போதும். ஊரில் பைக்குக்கு 28, 30 என்று அடித்த பழக்கத்தில் அடித்துவிட்டால் டயர் கல்லில் துள்ளும், மண்ணைப் பிடிக்காது. அதற்காக 8, 9 வரை இறக்கினாலும் பாறையில் மோதி ரிம் நெளியும்.

செயினை, கீழ்ப்பக்கம் இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில், விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். சரியான அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் இறுக்கமாக இருப்பது தளர்வைவிட மோசம். பின்சக்கரம் மேலே எழும்பும்போது செயின் இழுபட்டு கியர்பெட்டி பேரிங் கெடும். செயினுக்கு ஆயில் போடும்போது எஞ்சின் ஓடக்கூடாது, சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள். ஓடும் செயினில் துணி சிக்கி விரல் போன கதைகள் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு.

ஆயில் மட்டம் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் சிறு வண்டிகளுக்கு 10டபிள்யூ-30, மோட்டார் சைக்கிளுக்கான ஜே.ஏ.எஸ்.ஓ எம்.ஏ தரம். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஏனென்றால் இதில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் மூழ்கி இருக்கிறது. பிரேக் பிடிகளை அழுத்திப் பாருங்கள். பிடியின் நுனி பிள்ளையின் விரலுக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பிடியைச் சற்று உள்ளே கொண்டுவரலாம். ஸ்போக் கம்பிகளை ஒரு ஸ்பேனரால் வரிசையாகத் தட்டுங்கள். ‘டிங்’ என்று கேட்பது சரி, ‘டொக்’ என்று கேட்பது தளர்ந்தது.

ஆக்சிலேட்டர் கட்டுப்பாட்டுத் திருகு மிக முக்கியம். 50, 110 சிசி ஹோண்டாவிலும் பி.டபிள்யூ-விலும் ஆக்சிலேட்டர் எவ்வளவு திரும்பலாம் என்று வரையறுக்கும் திருகு ஒன்று கைப்பிடிக் கூட்டில் இருக்கும். அதை நன்றாக உள்ளே திருகி, பிள்ளை முழுதாக முறுக்கினாலும் வண்டி நடை வேகத்துக்குச் சற்று மேல் மட்டுமே போகும்படி வையுங்கள். பிறகு லாக்நட்டை இறுக்க மறக்க வேண்டாம்.

ஏற்றிப் போவது

பிக்கப் டிரக் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் காரின் பின் கொக்கியில் மாட்டும் தாங்கி, அல்லது சிறு டிரெய்லர். தாங்கியில் மாட்டும்போது வண்டி எடையோடு தாங்கியின் எடையையும் கூட்டி, கார் கொக்கி தாங்கும் அளவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஒரு 110 பைக் மட்டும் 77 கிலோ. டிரெய்லர் இழுத்தால் கலிஃபோர்னியாவில் வேக எல்லை 55 மைல்தான்.

ஹேண்டில்பாரில் நேரே கொக்கி மாட்டாமல் துணி வளையம் போட்டு, அதில் பட்டையை மாட்டுங்கள். முன்னால் இரண்டு பட்டை, இடமும் வலமும் சம இழுப்பு. முன் ஷாக் பாதிக்கு மேல் அமுங்கும் வரை இழுத்தால் போதும். முழுதாக அமுக்கினால் ஆயில் சீல் கசிய ஆரம்பிக்கும். பின்சக்கரத்துக்கு ஒரு பட்டை. பெட்ரோல் வால்வை மூடுங்கள். பத்து மைல் போனதும் ஒருமுறை நிறுத்தி இழுத்துப் பாருங்கள், முதல் குலுக்கலில் கட்டாயம் தளரும்.

பெட்ரோலை ஹாலிஸ்டர் ஊருக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இரண்டு சிறு வண்டிக்கு ஐந்து லிட்டர் கேன் ஒரு நாளைக்குத் தாராளம். தண்ணீர் பெரியவர்களுக்கு மூன்று லிட்டர், பிள்ளைகளுக்கு இரண்டு. ஹெல்மெட்டுக்குள் வியர்த்த பிள்ளைக்குத் தாகம் தெரியாது, நாம்தான் கூப்பிட்டுக் குடிக்க வைக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம் மாதிரி வெயில் தாங்குகிறவை. தயிர் சாதம் வேண்டுமென்றால் ஐஸ் பெட்டியில். நிழலுக்கு ஒரு பந்தல் துணி, மடக்கு நாற்காலி, முதலுதவிப் பெட்டி, மாற்றுடை, கருவிப்பெட்டி, ஒரு புது ஸ்பார்க் பிளக்.

முதல் மணி நேரம்

வாசலில் கட்டணம் கட்டி வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசியில் படமும் எடுத்துவையுங்கள். வண்டிகளை இறக்கும் இடத்திலும் கூடாரங்கள் அருகிலும் 15 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. பிள்ளைகளை அங்கே ஓட்டவே விடாதீர்கள். ஆள், நாய், பின்னால் எடுக்கும் டிரக் எல்லாம் கலந்த இடம் அது. பயிற்சித் தடம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஹாலிஸ்டரில் சிறு வண்டிகளுக்கென்றே பயிற்சித் தடம் இருக்கிறது, வாசலிலேயே கேட்டால் வழி சொல்வார்கள்.

அங்கே இந்த வரிசையில் செய்யுங்கள். ஒரு படி சரியாக வரும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

1. எஞ்சின் ஓடாமல் வண்டியில் உட்கார வையுங்கள். நீங்கள் பின்னாலிருந்து தள்ளுங்கள். “பிரேக்” என்றதும் பிள்ளை நிறுத்த வேண்டும். பத்து முறை. முன் பிரேக் மட்டும், பின் பிரேக் மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து.

2. எஞ்சினை அணைக்கும் சிவப்புப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொல்லுங்கள். பார்க்காமலே கை போக வேண்டும்.

3. கியர் உள்ள வண்டியானால் எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். மணிக்கட்டு தாழ்ந்து இருக்கட்டும், முழங்கை சற்று விரிந்து இருக்கட்டும்.

4. முதல் கியர். நேராக இருபது அடி போய் நிறுத்துவது. நீங்கள் பக்கத்தில் கூடவே நடக்க வேண்டும், எதிரே நிற்கக்கூடாது.

5. இரண்டு கூம்புகளைச் சுற்றி எட்டு வடிவில். பார்வை கூம்பில் வேண்டாம், அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே.

6. கால் மிதியில் எழுந்து நிற்பது. முட்டி மடங்கி, பெட்ரோல் தொட்டியைத் தொடையால் இறுக்கி.

மூன்றாம் படியில் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புதியவர்கள் படும் பெரிய விபத்து இப்படித்தான் நடக்கிறது: மணிக்கட்டு மேலே தூக்கியபடி கைப்பிடியைப் பிடித்திருப்பார்கள். வண்டி சற்று முன்னால் பாய்ந்ததும் உடம்பு பின்னால் சாயும். சாயும் உடம்போடு கையும் இழுபடும், அந்த இழுப்பில் ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். பயத்தில் பிடி இறுகும், விட வேண்டும் என்று தெரிந்தாலும் விரல் விடாது. வண்டி வேலியில் போய்த்தான் நிற்கும். மணிக்கட்டு தாழ்ந்திருந்தால் உடம்பு பின்னால் போகும்போது ஆக்சிலேட்டர் அவ்வளவு திறக்காது. அதோடு திருகும் இறுக்கியிருந்தால் அதிகம் போனால் நடை வேகம். இவ்விரண்டும் இருந்தால் முதல் நாள் விபத்துகளில் பெரும்பாலானவை நடக்காது.

கியர் பற்றி ஒன்று. சி.ஆர்.எஃப் 50, 110 வண்டிகளில் நியூட்ரல் அடியில், கியர்கள் எல்லாம் மேல்நோக்கி. பழைய ஸ்ப்ளெண்டரில் எல்லாக் கியரும் கீழ்நோக்கி மிதித்துப் பழகிய அப்பாக்கள் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். முதல் நாள் முழுக்க முதல் கியர் போதும், மாற்றவே வேண்டாம்.

ஊரில் பைக் ஓட்டியவர்கள் தங்களுக்கும் ஒரு பயிற்சி வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தார்ச்சாலைப் பழக்கம் மண்ணில் எதிராக வேலை செய்யும். சாலையில் உட்கார்ந்தே ஓட்டுவோம், மேடு பள்ளத்தில் அப்படி உட்கார்ந்தால் இடுப்பு வாங்கும், வண்டியும் தூக்கிப் போடும். சாலையில் திருப்பத்தில் உடம்பும் வண்டியும் சேர்ந்து சாயும். மண்ணில் வண்டியை மட்டும் சாய்த்து, உடம்பை நேராக வைத்து, வெளிப்பக்கக் கால் மிதியில் எடையைப் போட வேண்டும். பொடிக்கல் இருக்கும் திருப்பத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் சர்ரென்று நழுவும், யோசிக்க நேரம் இருக்காது. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்துக்குள் பிரேக்கைத் தொடாமல் போங்கள்.

இருபது நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் நிழல். பிள்ளை “இன்னும் ஒரு ரவுண்டு” என்று கேட்கும்போதே அன்றைக்கு முடித்துவிடுவதுதான் சரி. களைத்த பிள்ளைக்குக் கை தளரும், பார்வை முன்சக்கரத்தில் விழும். விழுவது எப்போதும் கடைசி ரவுண்டில்தான்.

தடத்தில் இறங்கும்போது

எட்டு வடிவமும் நிறுத்துவதும் நன்றாக வந்த பிறகு பச்சை வட்டக் குறியிட்ட தடத்துக்குப் போகலாம். நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். பல தடங்கள் ஒருவழி. எதிர்த் திசையில் போனால் திருப்பத்தில் நேருக்கு நேர் மோதல்தான், குறிகளைப் பார்க்காமல் எந்தத் தடத்திலும் நுழையாதீர்கள்.

ஒரு பெரியவர் முன்னால், பிள்ளைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். வேகத்தை நிர்ணயிப்பது கடைசிப் பிள்ளை. ஒவ்வொரு பிரிவிலும் முன்னால் போகிறவர் நின்று, எல்லோரும் கண்ணில் பட்ட பிறகே கிளம்ப வேண்டும். எதிரே யாராவது வந்தால், உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று இடக்கை விரலால் காட்டுங்கள். கடைசி ஆள் மூடிய முஷ்டியைக் காட்டுவார். பின்னாலிருந்து வேகமாக வருகிறவர்களுக்கு, அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழி விடுங்கள். ஒதுங்கும்போதும் தடத்தை விட்டு இறங்க வேண்டாம். புல்லில் போட்ட ஒரு சக்கரத் தடம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும், பிறகு அந்தப் பாதையையே மூட வேண்டி வரும்.

ஏற்றத்தில் பாதியில் வண்டி நின்றுபோனால், முன் பிரேக்கைப் பிடித்தபடி அப்படியே நிற்கப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டும். திருப்ப முயன்றால் வண்டி பிள்ளை மேலேயே சாயும். கடைசியில் வரும் பெரியவர் வந்து, வண்டியைக் குறுக்காகத் திருப்பி இறக்கித் தருவார். இறக்கத்தில் முதல் கியர், எடை பின்னால், இரண்டு பிரேக்கையும் மெதுவாக.

வண்டி எழும்பாவிட்டால்

பெரும்பாலும் பெரிய கோளாறாக இருக்காது. இந்த வரிசையில் பாருங்கள்: அணைக்கும் பொத்தான் அணைந்த நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் வால்வு திறந்திருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா. ஓடிக்கொண்டிருந்த வண்டி சில நிமிடத்தில் தானே நின்று, கொஞ்ச நேரம் கழித்து எழும்பி, மறுபடி நின்றால் பெட்ரோல் மூடியில் இருக்கும் காற்றுத் துளையைப் பாருங்கள். சில சிறு வண்டிகளில் அதற்கு ஒரு திருகு உண்டு, கொண்டு வரும்போது மூடியது மூடியபடி இருக்கும். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது. விழுந்த வண்டியில் பெட்ரோல் எஞ்சினுக்குள் அதிகமாகப் போயிருக்கலாம். சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்தாறு முறை கிக் அடியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிளக்கை மாற்றுங்கள். பல மாதம் நின்றிருந்த கார்புரேட்டர் வண்டி என்றால் பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கும். அதைத் தடத்தில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

விழுந்தால், கடித்தால், அரித்தால்

விழுந்த பிள்ளையை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். முதலில் வண்டியை அணையுங்கள். கழுத்து வலிக்கிறதா, கை கால் அசைகிறதா என்று கேளுங்கள். கழுத்து வலித்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல், படுத்தபடியே வைத்து உதவி கேளுங்கள். தலை அடிபட்டு, வாந்தியோ தலைசுற்றலோ குழப்பமான பேச்சோ இருந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது, மருத்துவமனைக்குப் போங்கள். ஹாலிஸ்டர் ஊரிலேயே அவசரப் பிரிவு இருக்கிறது. அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது.

வசந்தத்தில் கிலுகிலுப்பைப் பாம்புகள் வெயில் காய வெளியே வரும். கல்லிடுக்கிலும் விறகுக் குவியலிலும் கை விட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மூன்று மூன்று இலையாகப் பளபளக்கும் புதர் பாய்சன் ஓக். இலையுதிர் காலத்தில் சிவக்கும், குளிர்காலத்தில் வெறும் குச்சியாக நிற்கும், அந்தக் குச்சி பட்டாலும் தோல் கொப்புளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். உடுத்தியிருந்ததைத் தனியாகத் துவையுங்கள். சாயங்காலம் பிள்ளைகளின் காது மடல், அக்குள், முட்டி மடிப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். தூசி நாளில் ஓட்டி வந்து, இருமலும் காய்ச்சலும் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூசியில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் வேலி ஃபீவர் இந்த மாநிலத்தில் உண்டு. சொல்லாவிட்டால் சாதாரணச் சளி என்றே நினைக்கப்படும்.

வீட்டுக்கு வந்ததும்

அழுத்தமான நீரைச் சக்கர பேரிங்கிலும் செயினிலும் நேராக அடிக்காமல் கழுவுங்கள். டயரில் ஒட்டிய களைவிதை அடுத்த இடத்துக்குப் போகாமல் இருக்கவும் இது வேண்டும். சைலன்சர் வாயைக் கழுவும் முன் மூடிவிடுங்கள்.

ஏர் ஃபில்டர்தான் எல்லோரும் தவிர்க்கும் வேலை, எஞ்சினைக் காப்பதும் அதுதான். தூசி நாளாக இருந்தால் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் திறந்து பாருங்கள். கழற்றும்போது உள்ளே தூசி விழாமல், பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். ஸ்பாஞ்சை ஃபில்டர் கிளீனரில் நனைத்து அமுக்கிக் கழுவுங்கள், முறுக்கிப் பிழிந்தால் கிழியும். பெட்ரோலில் கழுவ வேண்டாம், பசை இணைப்பு விட்டுப்போகும். நிழலில் முழுதாகக் காயவிட்டு, ஃபில்டர் ஆயிலைத் தடவி, எங்கும் ஒரே நிறமாக வரும் வரை பிசைந்து, மிஞ்சியதை அமுக்கி எடுங்கள். காய்ந்த ஸ்பாஞ்ச் தூசியைப் பிடிக்காது, பிஸ்டன் வளையம் வரை விட்டுவிடும். விளிம்பில் கிரீஸ் பூசிப் பொருத்துங்கள். விளிம்பு சரியாக உட்காராமல் ஒரு நகக்கண் அளவு இடைவெளி இருந்தாலும், தூசி அந்த வழியாகத்தான் போகும்.

அடுத்த ஓட்டம் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றால் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி மிச்சப் பெட்ரோலை ஒரு பாத்திரத்தில் வடியுங்கள். ஆக்சிலேட்டர் கட்டுப்பாட்டுத் திருகை மட்டும் தளர்த்தாதீர்கள், அடுத்த முறை பயிற்சித் தடத்தில் பிள்ளை நிறுத்துவதைப் பார்த்த பிறகு ஒரு சுற்று வெளியே எடுத்தால் போதும்.